கணக்கும் ஓர் அமானிதம்

பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பொன்விழா மேடையில் கல்வி, வரலாறு, மார்க்கம் என்று பெரிய பொருள்களில் பெரியவர்கள் பேசினார்கள். எங்களுக்குக் கொடுத்த தலைப்பு ‘பாஸ்வேர்டு’. தலைப்பு சின்னதுதான். ஆனால் அது காவல் காக்கும் பொருள் சின்னதல்ல.

மேடையில் நிற்பவர் ஒருவர் என்றாலும், தேக்காவிலும் அரபு ஸ்திரீட்டிலும் கடை நடத்தும் நம் சங்கத்து இளைய வணிகர்கள் சிலர் சேர்ந்து தயாரித்த உரை இது. எங்களில் கணினி வல்லுநர் என்று யாரும் இல்லை. பாலிடெக்னிக்கில் படித்ததும், கைபேசியை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வதில் தெரிந்துகொண்டதும்தான் எங்கள் முதல். ஆகவே கடைக்காரன் கணக்குச் சொல்வதைப் போலவே சொல்கிறோம்: திருடன் எப்படி வருகிறான், எதை எடுக்கிறான், கதவை எப்படிச் சாத்துவது.

பணம் இல்லாதவரின் கணக்கு யாருக்கு வேண்டும்?

“என் வாட்ஸ்அப்பில் என்ன இருக்கிறது? பேரப்பிள்ளைகளின் படமும் ஜும்ஆ வாழ்த்தும்தானே! அதை எவன் திருடுவான்?” என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. திருடனுக்கு அந்தப் படமும் வேண்டாம், வாழ்த்தும் வேண்டாம். அவனுக்கு வேண்டியது உங்கள் பெயர்.

நம் உறுப்பினர் குடும்பத்துப் பெண்மணி ஒருவருக்கு நடந்ததை, அவருடைய அனுமதியோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். ஒரு நாள் காலை அவருடைய வாட்ஸ்அப் திடீரென்று நின்றுபோனது. கைபேசி பழசு, அதனால்தான் என்று நினைத்து விட்டுவிட்டார். அன்று மாலைக்குள் அவருடைய எண்ணிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் செய்தி போயிருந்தது. ஊரில் நெருங்கிய உறவுக்கு அவசர அறுவைச் சிகிச்சை, உடனே 800 வெள்ளி வேண்டும், நாளைக்குத் திருப்பித் தருகிறேன், பேநவ் எண் இது. மூன்று பேர் விசாரிக்காமல் அனுப்பிவிட்டார்கள். ஏன் விசாரிக்கவில்லை? அந்த ராத்தா இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் கடன் என்று கேட்டதே இல்லை. அவரே கேட்கிறார் என்றால் எவ்வளவு பெரிய தேவையோ என்று மனம் இளகி அனுப்பினார்கள். அதாவது, அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்த நல்ல பெயரைத் திருடன் ஒரே பகலில் காசாக்கிவிட்டான்.

இழப்பு அந்த மூன்று பேரோடு முடியவில்லை. இன்று நம் சங்கமே வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. ஜனாஸா அறிவிப்பு, நோன்புக் கஞ்சி ஏற்பாடு, ஸகாத் வசூல், பிள்ளைகளுக்கான கல்வி உதவி, உம்ராக் குழு எல்லாம் அதில்தான். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு, உண்மையாகவே ஒரு குடும்பத்துக்கு மருத்துவ உதவி கேட்டுச் செயலவை செய்தி அனுப்பியபோது, “இது நிஜமா?” என்று குழுவில் ஐந்தாறு பேர் கேட்டார்கள். கேட்டது சரிதான். ஆனால் உதவி தேவைப்பட்ட குடும்பமும் அதே குழுவில் இருந்து அந்தக் கேள்வியைப் படித்தது. ஆகவே, கணக்கு என்பது நம் சொந்தச் சொத்து மட்டுமல்ல, மற்றவர்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமும் கூட.

நாட்டின் கணக்கையும் பார்த்துவிடுவோம். 2024ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி என்று காவல்துறை அறிவித்தது. பதிவான சம்பவங்கள் 50,000க்கும் மேல். இதில் கணக்குத் திருட்டு ஒரு பகுதிதான். ஆனால் மற்றப் பல மோசடிகளுக்கும் அது வாசலாக இருக்கிறது.

முதல் வழி: கேட்டு வாங்குவது

பெரும்பாலான திருடர்கள் பூட்டை உடைப்பதில்லை. சாவியைக் கேட்கிறார்கள், நாம் கொடுத்துவிடுகிறோம்.

வாட்ஸ்அப்பைப் புதிய கைபேசியில் திறக்க இரண்டு பொருள்கள் போதும்: உங்கள் எண், அந்த எண்ணுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடு. உங்கள் எண் ஊருக்கே தெரியும். திருடன் தன் கைபேசியில் அதை அழுத்துகிறான். குறியீடு உங்களுக்குக் குறுந்தகவலாக வருகிறது. உடனே உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து ஒரு செய்தி: “மாமி, தவறுதலாக என் குறியீட்டை உங்கள் எண்ணுக்கு அனுப்பிவிட்டேன், கொஞ்சம் அனுப்புங்கள்.” அனுப்புவது அந்த மருமகன் அல்ல. அவருடைய கணக்கு நேற்றே பறிபோய்விட்டது. நீங்கள் ஆறு எண்களை அனுப்பிய நிமிடத்தில் உங்கள் கைபேசியில் வாட்ஸ்அப் மூடிக்கொள்ளும், அவன் கையில் திறந்துகொள்ளும். அடுத்து உங்கள் பெயரில் உங்கள் சாச்சிக்கும் இங்கே இருக்கும் ஊர்க்காரர்களுக்கும் செய்தி போகும். கடையநல்லூரில் இருக்கும் உறவினருக்கும் போகும். ஒரு வீட்டில் பற்றிய தீ ஓலைக் கூரைகளில் தாவுவது மாதிரிதான்.

குறியீட்டை யாரிடமும் சொல்லாதவரிடமும் ஒரு வழியாக வருவார்கள். அந்தக் குறியீட்டைத் தொலைபேசி அழைப்பாகவும் பெறலாம். இரவு எல்லோரும் தூங்கும் நேரத்தில் அழைப்பு வரும்படி செய்கிறான். நீங்கள் எடுக்கவில்லை. குறியீடு குரலஞ்சல் பெட்டியில் பதிவாகிறது. குரலஞ்சலுக்கு நிறுவனம் கொடுத்த ஆரம்பக் கடவு எண்ணையே மாற்றாமல் வைத்திருந்தால் திருடன் அதைத் திறந்து கேட்டுவிடுகிறான். குரலஞ்சல் பயன்படுத்தாதவர்கள் அதை நிறுத்திவிடச் சொல்லுங்கள், பயன்படுத்துபவர்கள் கடவு எண்ணை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று கடைக்காரர்களைக் குறிவைப்பது. கடைக் கணினியில் வாட்ஸ்அப் திறக்க, தேடுதளத்தில் ‘வாட்ஸ்அப் வெப்’ என்று தேடி, முதலில் வருவதை அழுத்துகிறோம். அது போலித் தளமாக இருக்கலாம். அதில் தெரியும் கட்டக் குறியீட்டைக் கைபேசியால் ஸ்கேன் செய்தால் நம் கணக்கு திருடனின் கணினியோடு இணைந்துவிடும். 2023இல் நம் காவல்துறை இதைப் பற்றி எச்சரித்தது. இதில் உள்ள ஆபத்து, நம் கைபேசியில் எதுவுமே நிற்காது. நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போம், அவனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். “என் மகள் ஓவியப் போட்டியில் இருக்கிறாள், ஒரு ஓட்டுப் போடுங்கள்” என்று வரும் இணைப்புகளும் பல நேரம் இதே வேலைதான். ஓட்டுப் போட உங்கள் எண்ணைக் கேட்கும், பிறகு குறியீட்டைக் கேட்கும். பிள்ளையின் ஓவியத்துக்கும் நம் வாட்ஸ்அப் குறியீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த இடத்தில் நின்று யோசித்தால் தப்பித்தோம்.

இரண்டாம் வழி: போலி வாசல்

2021 டிசம்பரில் நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இங்குள்ள ஒரு வங்கியின் பெயரில் குறுந்தகவல் வந்தது. உங்கள் கணக்கில் ஒரு சிக்கல், இந்த இணைப்பை அழுத்திச் சரிசெய்யுங்கள் என்றது. அழுத்தினால் வங்கியின் பக்கம் போலவே ஒரு பக்கம். 790 வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். அந்தத் தொகையை வங்கி நல்லெண்ணமாகத் திருப்பித் தந்தது.

படித்தவர்களும் ஏமாந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் குறுந்தகவல், வங்கி முன்பு அனுப்பிய உண்மையான குறுந்தகவல்களின் வரிசையிலேயே வந்து விழுந்தது. குறுந்தகவலில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள அப்போது முடிந்தது. கைபேசி பெயரைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்தும். அதற்குப் பிறகுதான் வங்கிகள் குறுந்தகவலில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. 2023 ஜனவரி 31 முதல், பெயர் போட்டுக் குறுந்தகவல் அனுப்பும் நிறுவனங்கள் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாதவை ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற எச்சரிக்கைப் பெயரோடு வருகின்றன. ஒரு கதவு ஓரளவு சாத்தப்பட்டது. ஆனால் வாட்ஸ்அப், மின்னஞ்சல், ஃபேஸ்புக் செய்தி ஆகிய கதவுகள் திறந்தே இருக்கின்றன.

ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் கடைப் பக்கம் வைத்திருக்கும் எங்களுக்கு அடிக்கடி வருவது இது: “உங்கள் பக்கம் காப்புரிமை விதியை மீறியுள்ளது. 24 மணி நேரத்தில் முடக்கப்படும். மேல்முறையீட்டுக்கு இங்கே அழுத்தவும்.” பெருநாளுக்கு முந்தின வாரத்தில் இப்படி வந்தால் எந்த வியாபாரிக்கும் கை பதறும். அந்தப் பதற்றம்தான் அவர்களுக்கு வேண்டும். பக்கம் பறிபோனால் பல ஆண்டு வாடிக்கையாளர்களும், விளம்பரத்துக்காக இணைத்துவைத்த கடன் அட்டையும் சேர்ந்து போகும்.

இணைப்பின் எழுத்துகளைப் பார்த்து நிஜமா போலியா என்று கண்டுபிடிக்கப் பலரும் பல குறிப்புகள் சொல்வார்கள். நாங்கள் சொல்வது ஒன்றுதான்: செய்தியில் வந்த வாசல் வழியாக உள்ளே போகாதீர்கள். எச்சரிக்கை உண்மையானால், நீங்களாக அந்தச் செயலியைத் திறந்தாலும் அது அங்கே இருக்கும். இல்லையென்றால் அது பொய்.

மூன்றாம் வழி: வேறிடத்தில் சிந்திய சாவி

“நான் யாருக்கும் சொல்லவே இல்லை, எப்படிப் போனது?” என்று கேட்பவர்களுக்கான பதில் இது.

கணினியில் கடவுச்சொல் வந்ததே 1960களின் தொடக்கத்தில்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. பெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையிலான குழு ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தது. 1962இலேயே அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஆலன் ஷெர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்பதற்காக, எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பைக் கணினியைக் கொண்டே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பூட்டு வந்தபோதே சாவிக்கொத்தும் களவு போனது!

இன்று நல்ல நிறுவனங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அரைத்து மாவாக்கி வைக்கின்றன. மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. நீங்கள் உள்ளே நுழையும்போது நீங்கள் தட்டியதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். ஆனால் மாவு மூட்டையைத் திருடியவன் சும்மா இருப்பானா? தனக்குத் தெரிந்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக அரைத்துப் பார்க்கிறான். எட்டுச் சின்ன ஆங்கில எழுத்துகளால் ஆன கடவுச்சொற்கள் மொத்தம் ஏறக்குறைய 20,882 கோடி. பெரிய எண்தான். ஆனால் அவனுடைய இயந்திரம் விநாடிக்கு ஆயிரம் கோடி அரைக்கும் என்று வைத்தால் 21 விநாடியில் வேலை முடிந்துவிடும். பன்னிரண்டு எழுத்து என்றால் 110 நாள் ஆகும். பதினாறு எழுத்து என்றால் ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல். நீளத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

சில நிறுவனங்கள் அரைக்கவே இல்லை. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் அப்படியே வெளியாயின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. நம் வீடுகளிலும் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் பெயர், பிறந்த ஆண்டு, கடைசியில் 786. நல்ல நினைப்போடு சேர்ப்பதுதான். ஆனால் நாம் சேர்ப்போம் என்று திருடனுக்கும் தெரியும்.

2012இல் லிங்க்டின் தளத்திலிருந்து களவு போன கடவுச்சொற்கள் 2016இல் சந்தைக்கு வந்தன. எண்ணிக்கை 11 கோடிக்கும் மேல். அடுத்த மாதமே ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்டரெஸ்ட் கணக்குகளுக்குள் சிலர் புகுந்தார்கள். லிங்க்டின் பட்டியலில் கிடைத்ததை வைத்தே புகுந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒரே சாவியை வீட்டுக்கும் கடைக்கும் வண்டிக்கும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். எங்கோ ஒரு சின்னத் தளத்தில் சட்டை வாங்கக் கொடுத்த கடவுச்சொல்லே மின்னஞ்சலுக்கும் என்றால், அந்தத் தளம் சிந்தும் நாளில் உங்கள் மின்னஞ்சலும் சிந்திவிடும்.

நான்காம் வழி: நாமே அழைத்த விருந்தாளி

2023இல் இங்கே பலர் ஃபேஸ்புக் விளம்பரம் பார்த்து வீட்டுச் சுத்தம், உணவு, டுரியான் சுற்றுலா என்று ஆர்டர் செய்யப் போனார்கள். “எங்கள் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், தள்ளுபடி உண்டு” என்று வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வந்தது. பிளே ஸ்டோரிலிருந்து அல்ல, நேராக. அது உள்ளே போய், திரையைப் பார்க்கவும் தட்டுவதைப் படிக்கவும் அனுமதி கேட்டது. கொடுத்தார்கள். சேமிப்பு போனது. அதனால்தான் 2024 பிப்ரவரியில் கூகுள், நம் இணையப் பாதுகாப்பு அமைப்போடு சேர்ந்து, இப்படி வெளியிலிருந்து வரும் ஆபத்தான செயலிகளை ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தடுக்கும் முயற்சியை உலகிலேயே முதலில் சிங்கப்பூரில் தொடங்கியது.

கணினியிலும் இது உண்டு. காசு கொடுக்காமல் கிடைக்கும் திருட்டு மென்பொருள், பிள்ளைகள் இறக்கும் விளையாட்டுக் குறுக்குவழிகள் ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வருபவை, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை எல்லாம் வாரிக்கொண்டு போகின்றன. அதோடு, ‘இவர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்’ என்று தளம் தந்திருக்கும் அனுமதிச் சீட்டையும் எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சீட்டு கையில் இருந்தால் கடவுச்சொல்லே தேவையில்லை. கடைக் கணினியைப் பிள்ளைகள் விளையாடக் கொடுக்காதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

செய்தி வந்தால் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும் என்று ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி பெற வேண்டும் என்று நூர் அத்தியாயம் சொல்கிறது. விசாரிப்பதும் வாசலைக் காப்பதும் நமக்குப் புதிய பாடங்கள் அல்ல. கைபேசிக்கும் அவற்றைக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று: ஆறு எண்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். மகன் கேட்டாலும், வங்கி கேட்டாலும், சங்கம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நேர்மையான எவருக்கும் அது தேவைப்படாது.

இரண்டு: இரட்டைப் பூட்டுப் போடுங்கள். பள்ளிவாசல் உண்டியலுக்கு இரண்டு சாவி வைத்து, இரண்டையும் ஒருவரிடமே கொடுக்காமல் இருப்பதைப் பார்த்திருக்கிறோம். அதே முறைதான். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் ஆறு இலக்கக் கடவு எண் ஒன்றை நீங்களே வையுங்கள், மின்னஞ்சலையும் சேருங்கள். குறுந்தகவல் குறியீடு திருடனுக்குக் கிடைத்தாலும் இந்த எண் இல்லாமல் அவனால் உள்ளே வர முடியாது. ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், ஜிமெயில் எல்லாவற்றிலும் இரண்டாம் பூட்டு உண்டு. குறுந்தகவலைவிடக் குறியீட்டுச் செயலி மேல். கைரேகையாலோ முகத்தாலோ திறக்கும் பாஸ்கீ அதனினும் மேல், ஏனென்றால் அது உண்மையான தளத்தைத் தவிரப் போலித் தளத்தில் வேலை செய்யாது.

மூன்று: மின்னஞ்சலை முதலில் காப்பாற்றுங்கள். ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று எங்கே அழுத்தினாலும் பதில் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அதுதான் மற்றச் சாவிகள் தொங்கும் ஆணி.

நான்கு: ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு நீளமான கடவுச்சொல். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டினால் போதும். வாளி, மிளகு, ரயில், குடை என்பது மாதிரி. மேடையில் சொன்ன இதையே வைத்துவிடாதீர்கள்! பழமொழி, பாட்டு, ஓதும் வசனம் எதுவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்ற பழைய விதியை அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பே 2017இல் கைவிட்டது. கசிந்தது என்று தெரிந்தால் மாற்றினால் போதும். இத்தனையையும் நினைவில் வைக்க முடியாது என்றால் கடவுச்சொல் காக்கும் செயலி இருக்கிறது. பெரியவர்களுக்கு அது சிரமம் என்றால், ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைக்கட்டும். உங்கள் அலமாரிக்கு வெளிநாட்டுத் திருடன் வரப்போவதில்லை. கைபேசியில் படமெடுத்து மட்டும் வைக்க வேண்டாம்.

ஐந்து: மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் இணைக்காத கருவி இருந்தால் உடனே நீக்குங்கள். செயலிகளை அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். ஸ்கேம்ஷீல்ட் செயலியை வீட்டில் எல்லோருடைய கைபேசியிலும் போடுங்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

இளையர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. “உன் சிங்பாஸ் விவரத்தைக் கொடு, வங்கிக் கணக்கைக் கொடு, காசு தருகிறோம்” என்று யாராவது வந்தால் விலகிப் போங்கள். அப்படிக் கொடுப்பவர்களைத் தண்டிக்க 2023இல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. உங்கள் கணக்கின் வழியாகப் போகும் பணம், நாம் மேலே சொன்ன ராத்தா போன்ற ஒருவரின் பெயரைச் சொல்லிப் பறித்த பணமாக இருக்கும்.

பறிபோய்விட்டால்?

முதல் ஒரு மணி நேரம் முக்கியம். வாட்ஸ்அப் போனால், அதே எண்ணை வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள். உங்களுக்கு வரும் குறியீட்டைத் தட்டிய உடனே திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரண்டாம் கடவு எண் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே வர ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. இதற்கிடையில் வீட்டார் கைபேசியிலிருந்து எல்லாக் குழுக்களுக்கும், “அந்த எண்ணிலிருந்து வருவதை நம்பாதீர்கள்” என்று தெரிவித்து, குழு நிர்வாகியைக் கொண்டு அந்த எண்ணை நீக்கச் செய்யுங்கள். வங்கி விவரம் எதுவும் போயிருந்தால் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். காவல்துறையில் புகார் செய்யுங்கள். பணம் அனுப்பிவிட்டவர்களும் உடனே தங்கள் வங்கியை அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் செய்யவிடாமல் தடுப்பது ஒன்று உண்டு. அது வெட்கம். நாங்கள் சொன்ன அந்த ராத்தா, கணக்குத் திரும்பக் கிடைத்த பிறகும் பல மாதம் குழுவில் ஸலாமுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை, பெண்கள் பிரிவுக் கூட்டத்துக்கும் வரவில்லை. ஏன்? “படித்துப் படித்துச் சொன்னோமே, ஏன் கொடுத்தீர்கள்?” என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். திருடனை யாரும் கேட்கவில்லை!

2020 ஜூலையில் ட்விட்டர் நிறுவனத்தின் சொந்த ஊழியர்களையே தொலைபேசியில் பேசி ஏமாற்றி, 130 கணக்குகளைக் குறிவைத்தார்கள். ஒபாமா, பைடன், பில் கேட்ஸ் கணக்குகளிலிருந்தெல்லாம் மோசடிச் செய்தி போனது. முக்கியக் குற்றவாளி 17 வயதுப் பையன். அதே வேலையில் இருப்பவர்களே ஏமாந்தார்கள் என்றால், பேரப்பிள்ளைக்காகக் கைபேசி கற்றுக்கொண்ட நன்னாவும் நன்னியும் ஏமாறுவதில் என்ன இழிவு? ஏமாந்தவர் வாயைத் திறந்து சொன்னால்தான் அடுத்த வீடு தப்பும். நாம் ஏளனம் செய்தால் அவர் சொல்ல மாட்டார். ஆகவே ஏளனம் செய்பவர் தெரியாமலே திருடனுக்கு உதவி செய்கிறார்.

வீட்டுக்கும் சங்கத்துக்கும்

வீட்டில் ஒரு விதி போதும்: எழுத்தில் பணம் கேட்டால் அழைத்துக் கேள். இப்போது குரலையும் கணினியால் போலியாகச் செய்ய முடிகிறது. அதனால் வந்த அழைப்பை நம்பாமல், நமக்குத் தெரிந்த எண்ணை நாமே அழைக்க வேண்டும். கூடவே, வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். வாப்பா உம்மாவுக்கு இரட்டைப் பூட்டைப் போட்டுக்கொடுப்பது பிள்ளைகளின் கடமை. அதை அலுத்துக்கொள்ளாமல், பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கையாலேயே போடவைத்துக் கற்றுக்கொடுங்கள். நமக்கு அலிஃப் பே சொல்லிக்கொடுத்தபோது அவர்கள் எத்தனை தடவை திரும்பச் சொன்னார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் பொறுமை தானாக வரும்.

செயலவைக்கு நாங்கள் மூன்று வேண்டுகோள் வைக்கிறோம். நன்கொடை எதுவானாலும் சங்கத்தின் பதிவெண்ணுக்கான பேநவ் வழியாக மட்டும் வாங்க வேண்டும், தனிநபர் எண்ணுக்கு ஒருபோதும் கேட்பதில்லை என்று அறிவித்து, அதையே எப்போதும் கடைப்பிடிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் நிர்வாகிகள் இரண்டு மூன்று பேராவது இருந்து, எல்லோரும் இரட்டைப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும். உதவி கேட்டுச் செய்தி வந்தால் விசாரிக்க ஒரு தொலைபேசி எண்ணைக் குழுவில் நிலையாக வைக்க வேண்டும். “இது நிஜமா?” என்ற கேள்வியை யாரும் குழுவில் பகிரங்கமாகக் கேட்க வேண்டியதில்லை. விசாரிப்பவருக்கும் சங்கடமில்லை, தேவை உள்ள குடும்பத்தின் மானமும் காக்கப்படும்.

இன்று மதிய உணவுக்குப் பிறகு மண்டபத்தின் பின்புறம் நாங்கள் ஆறு பேர் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். கைபேசியைக் கொண்டு வாருங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். கடவு எண்ணை நீங்களே தட்டுங்கள். நாங்கள் திரும்பிக்கொள்வோம். எங்களிடமும் சொல்லாதீர்கள்.

வல்ல ரஹ்மான் நம் சங்கத்தையும், நம் குடும்பங்களையும், ஒருவர் மீது ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.